கேட்பவரின் கடமை: டோனி மாரிசனின் உரையாடல்களைப் பற்றிச் சில சிந்தனைகள்

நூலாசிரியர்களோடு நிகழ்த்தப்படும் உரையாடல்களை இலக்கியத்தின் ஓரத்திலேயே வைத்துப் பார்ப்பது வழக்கம். நூலே முதன்மையானது, நூலைக் குறித்து ஆசிரியர் சொல்வது துணைச் செய்தி என்பது திறனாய்வாளர் பலரின் கருத்து. இக்கருத்தில் உண்மையில்லாமல் இல்லை. ஆயினும் ஆசிரியர் ஒரு பெண்ணாயிருக்கும்போது இத்துணைச் செய்தியை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது. அவர் கூறும் விடைகளில் மட்டுமன்று, அவரிடம் கேட்கப்படும் வினாக்களிலும் ஒரு சமுதாயத்தின் மனம் வெளிப்பட்டுவிடுகிறது. நூலின் அமைப்பைக் கேட்க வேண்டிய இடத்தில் குடும்பத்தைக் கேட்பதும், கற்பனையைக் கேட்க வேண்டிய இடத்தில் சொந்த அனுபவத்தைக் கேட்பதும், கலையைக் கேட்க வேண்டிய இடத்தில் ஓர் இனத்தின் சார்பாகச் சாட்சி சொல்லும்படி கேட்பதும் பெண் எழுத்தாளர்களோடு நடைபெறும் உரையாடல்களில் அடிக்கடி காணப்படுகின்றன.

இதைப் பொதுப்பட விவாதிப்பதைவிட ஓர் ஆசிரியரை எடுத்துக்கொண்டு ஆராய்வதே பயன் தரும் என எண்ணுகிறோம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1931-ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்து லொரெய்ன் நகரில் பிறந்து, 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் மறைந்தார். 1970 முதல் 2015 வரை பதினொரு நாவல்களை எழுதிய அவருக்கு 1993-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் தம் வாழ்நாளில் அளித்த நேர்காணல்கள் மிகப் பல. அவற்றுள் ஒரு பகுதியை டானில் டெய்லர்-கத்ரி 1994-லும், வேறொரு பகுதியைக் கரோலின் டெனார்டு 2008-லும் தொகுத்தளிக்க, மிஸிஸிப்பி பல்கலைக்கழக அச்சகம் இரு நூல்களாக வெளியிட்டது.

இவரைத் தெரிந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இவருடைய நாவல்களுள் தலைசிறந்ததெனப் பலரும் கருதும் 'பிலவ்ட்' (1987) ஓர் உரையாடலிலிருந்து பிறந்தது. அவ்வுரையாடலை நடத்தியவர் ஓர் இறையியல் கல்லூரியைச் சேர்ந்த ஊழியர். அதை வெளியிட்டது ஒரு திருச்சபை இதழ். ஆதலால் கேட்பவரின் கடமை என்ன என்னும் வினா நமக்கு அயலானதன்று. அந்த ஊழியர் எதைச் சரியாகச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பதிலிருந்து நம் ஆராய்ச்சியைத் தொடங்குவோம்.

சிறையில் ஒரு சந்திப்பு

1856-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப்பெண், கணவனோடும் பிள்ளைகளோடும் கணவனின் பெற்றோரோடும் உறைந்து கிடந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டி நகருக்குத் தப்பி வந்தாள். 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி அவர்களைப் பிடிக்க ஆட்கள் வந்து வீட்டைச் சூழ்ந்தபோது, தன் இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றாள். மற்றப் பிள்ளைகளையும் கொல்ல முயன்றாள். அச்செய்தி அந்நாட்டையே உலுக்கிற்று. அவளைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டுமென்று அடிமைமுறையை எதிர்த்தோரே விரும்பினர். கொலைக்குற்றம் சாட்டப்பட்டால், அவள் தன் செயலுக்குப் பொறுப்பேற்கும் மனிதப்பிறவி என்றும், இறந்தது ஒரு குழந்தை என்றும் சட்டம் ஒப்புக்கொண்டதாகும். சட்டமோ அவளைப் பிறருடைய உடைமையென்றே கண்டு, உடையவனிடமே திருப்பி அனுப்பிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1858-ல், மிஸிஸிப்பியில் நச்சுக்காய்ச்சலால் அவள் இறந்தாள்.

அவள் சின்சினாட்டிச் சிறையில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அருளுரையாற்றச் சென்றவர் பி. எஸ். பாசெட் என்பவர். அருளுரை முடிந்தபின் காவல் அதிகாரியின் இசைவு பெற்று அவளைக் கண்டு பேசினார். அச்சந்திப்பின் விவரத்தை, ஃபேர்மவுன்ட் இறையியல் கல்லூரியிலிருந்து 1856 பிப்ரவரி 12 என்று நாளிட்டு, 'அமெரிக்கன் பாப்டிஸ்ட்' என்னும் இதழுக்கு எழுதினார். மிகச் சிறிய கட்டுரை. கைக்குழந்தையின் நெற்றியில் இருந்த வீக்கத்தைக் கண்டு அதன் காரணத்தைக் கேட்கிறார். அவள் நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறாள். அச்செயலைச் செய்தபோது ஏறக்குறைய அறிவு கலங்கிய நிலையில் இருந்தாயோ என்று வினவுகிறார். இல்லை, இப்போது எவ்வளவு அமைதியாயிருக்கிறேனோ அவ்வளவு அமைதியாகவே அப்போதும் இருந்தேன் என்கிறாள் அவள். பிள்ளைகள் மீண்டும் அடிமைத்தனத்துக்குள் கொண்டுபோகப்பட்டுச் சிறிது சிறிதாகக் கொல்லப்படுவதைவிட ஒரேயடியாக முடிந்துபோவது மேல் என்பது அவளுடைய நிலை.

பாசெட்டின் வினாவை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் அவளுக்கு ஒரு புகலிடம் காட்ட விரும்பினார். அறிவு கலங்கியிருந்தேன் என்று அவள் சொல்லியிருந்தால் கேட்பவருக்கும் ஆறுதல், வாசிப்பவருக்கும் ஆறுதல். பாவம், பைத்தியத்தில் செய்துவிட்டாள் என்று இரங்கிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போகலாம். அவளோ அந்தப் புகலிடத்தை ஏற்க மறுத்தாள். மறுத்ததை மறைக்காமல் எழுதினார் என்பதே பாசெட்டின் பெருமை. இறந்துபோன குழந்தையைப் பற்றி அவள் ஒருவித நிறைவோடு பேசியது தம் இரத்தத்தை உறையச் செய்ததென்றும் எழுதுகிறார். தாயன்பு அவளிடம் நிறைந்திருந்தது தெளிவாகத் தெரிந்ததென்றும் எழுதுகிறார். ஒன்றுக்கொன்று பொருந்தாத இவ்விரண்டையும் இணைத்துவிட முயலாமல் அப்படியே விட்டிருக்கிறார்.

அதே அறையில் மாமியாரும் இருந்தாள். அவள் அறுபதைக் கடந்தவள். இருபது ஆண்டுகளாகக் கிறிஸ்தவ விசுவாசத்தை அறிக்கையிட்டு வந்தவள். மருமகளின் செயலைக் கண்ணால் கண்டவள். நான் அவளை ஊக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்று அவள் பாசெட்டிடம் கூறினாள். இதையும் அவர் எழுதி வைத்தார். இறுதியில் அடிமைமுறையைக் கண்டித்து ஓரிரு வாக்கியங்கள் எழுதிவிட்டு, மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை என்று முடித்துவிட்டார்.

நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் சென்றபின், நியூயார்க்கில் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராய்ப் பணியாற்றிய மாரிசன், கறுப்பின மக்களின் வரலாற்று ஆவணங்களைத் திரட்டி 1974-ல் வெளிவந்த 'தி பிளாக் புக்' என்னும் தொகுப்பை உருவாக்கும் பணியில் இக்கட்டுரையைக் கண்டார். விளக்கம் தேவையில்லை என்று பாசெட் நிறுத்திய இடத்தில் மாரிசனின் நாவல் தொடங்குகிறது எனலாம்.

நாவலுக்குள் கேட்போர்

'பிலவ்ட்' நாவலைக் கொலை செய்த ஒரு தாயின் கதையென்று சுருக்கிச் சொல்வோர் உண்டு. அதை ஊன்றிப் படித்தால், ஒரு பெண்ணிடம் எவரெவர் எவ்வெவ்வாறு வினவினர், அவள் சொன்னதை எவரெவர் எவ்வாறு கேட்டனர் என்பதும் அதன் உயிரான பொருள்களுள் ஒன்று என விளங்கும். அவ்வகையில் நான்கு பாத்திரங்களை இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது, பெயர் கூறப்படாமல் 'பள்ளி ஆசிரியர்' என்றே வழங்கப்படும் வெள்ளையன். அவன் அடிமைகளிடம் ஓயாமல் வினாக்கள் கேட்டு, அவர்களுடைய விடைகளை ஏட்டில் எழுதிக்கொள்கிறான். கதைத்தலைவி சேத்தே அவனுக்குப் பிடித்தமான மையைத் தன் கையால் காய்ச்சித் தருகிறாள். ஒரு நாள் அவன் தன் மாணாக்கருக்குப் பாடம் சொல்வதை அவள் கேட்க நேரிடுகிறது. அவளிடமுள்ள மனிதப் பண்புகளை ஒரு பக்கத்திலும் விலங்குப் பண்புகளை மறுபக்கத்திலும் வரிசையாக எழுதும்படி அவன் கற்பிக்கிறான். அவளுக்கு இழைக்கப்படும் கொடுமையையும் அவன் நின்று பார்த்து எழுதிக்கொள்கிறான். நான் அந்த மையைக் காய்ச்சிக் கொடுத்திராவிட்டால் அவனால் எழுதியிருக்க முடியாதே என்னும் வேதனை நாவலின் இறுதிவரை அவளை விட்டு நீங்கவில்லை. இவன் கேட்கிறான், எழுதுகிறான், துல்லியமாகவும் எழுதுகிறான். ஆயினும் விடை இன்னதென்று தீர்மானித்துக்கொண்டபின் கேட்கிறவன் இவன்.

இரண்டாவது, பால் டி. சேத்தேயிடம் அன்புள்ளவன். அவளைப் பற்றிய பழைய செய்தித்தாள் நறுக்கு ஒன்றை ஸ்டாம்ப் பெய்ட் என்னும் முதியவர் அவனிடம் காட்டுகிறார். அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. படத்திலுள்ள வாய் அவளுடைய வாய் அன்று என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். பிறகு அவளிடமே கேட்கிறான். அவள் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி, நேரே சொல்ல முடியாததைச் சுற்றிவளைத்துச் சொல்கிறாள். கேட்டு முடித்தபின் அவன் சொல்வது, உனக்கு இருப்பவை இரண்டு கால்கள், நான்கு அல்ல என்பதே. பள்ளி ஆசிரியரின் ஏட்டில் இருந்த அதே விலங்குக் கணக்கைத் தான் அறியாமலே அவனும் சொல்லிவிடுகிறான். அன்புள்ளவனும் தவறாகக் கேட்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மூன்றாவது, இறந்த மகளின் வடிவாய் வீட்டுக்கு வரும் பிலவ்ட். தாயின் பழைய வாழ்வைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வாங்குகிறாள். இதுவரை பேச்சுக்கே எடுக்கக் கூடாத துயரமாயிருந்த நினைவுகளைச் சொல்வதில் சேத்தேக்கு எதிர்பாராத ஓர் இன்பம் உண்டாகிறது. ஆனால் கேட்பவளின் பசிக்கு எல்லையில்லை. சொல்லச் சொல்லத் தாய் மெலிகிறாள். கேட்கக் கேட்க மகள் பருக்கிறாள். ஒருவரின் துயரக்கதையைத் தன் நிறைவுக்காகவே உறிஞ்சும் கேள்வியும் உண்டென்று மாரிசன் எச்சரிக்கிறார்.

நான்காவது, சேத்தேயின் மாமியார் பேபி சக்ஸ். பாசெட் சந்தித்த முதியவளின் நினைவிலிருந்து உருவானவள். நாவலில் அவள் எந்தச் சபையாலும் அமர்த்தப்படாத அருளுரையாளர். காட்டிடையே உள்ள வெளியில் மக்களைக் கூட்டி, தங்கள் உடலை நேசிக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கிறவள். கொலைக்குப்பின் அவள் அருளுரை ஆற்றுவதையே நிறுத்திவிடுகிறாள். மருமகளின் செயலை ஏற்கவும் முடியவில்லை, கண்டிக்கவும் முடியவில்லை. படுக்கையில் கிடந்து நிறங்களை எண்ணிக்கொண்டே காலம் கழிக்கிறாள். ஊக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்று பாசெட் எழுதிவைத்த அந்த ஒரு விடைக்குள் ஓர் அருளுரையாளரின் உள்ளமே நொறுங்கிக் கிடப்பதை மாரிசன் கண்டார். தீர்ப்புச் சொல்ல இயலாத இடத்தில் மௌனமாகிவிடும் ஊழியரை நாமும் அறிவோம்.

நாவலின் முடிவில் பால் டி திரும்பி வருகிறான். வெந்நீர் வைக்கட்டுமா என்கிறான். என் கால்களை எண்ணவா என்று அவள் கேட்கிறாள். தேய்த்துவிட என்கிறான் அவன். தவறாகக் கேட்டவன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு திரும்பி வரும் இடம் இது. ஒரு சொல்லும் மிகையில்லை.

ஆசிரியரிடம் கேட்கப்பட்டவை

நாவல் தரும் இந்த அளவுகோலை மாரிசனிடமே நிகழ்த்தப்பட்ட உரையாடல்களுக்கும் வைத்துப் பார்ப்பது முறையாகும்.

1998-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி உரையாடல் ஒன்றில், வெள்ளையரின் வாழ்வைக் கணிசமான அளவில் தம் நூல்களுக்குள் எப்போதாவது கொண்டுவருவாரா என்று அவரிடம் வினவப்பட்டது. அவ்வினாவுக்குள் எவ்வளவு இனவெறி அடங்கியிருக்கிறது என்பதைக் கேட்டவர் உணரவில்லை என்பதே மாரிசனின் விடையின் சாரம். கறுப்பர்களைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று ஒரு வெள்ளை எழுத்தாளரை எவரும் கேட்பதில்லை. உண்மையில் 1981-ல் வெளிவந்த 'டார் பேபி' நாவலில் வெள்ளைத் தம்பதியர் முக்கிய இடம் பெறுகின்றனர். ஆகவே வினா நூல்களிலிருந்து எழவில்லை. நூலாசிரியர் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்னும் முன்முடிவிலிருந்து எழுந்தது. பள்ளி ஆசிரியரின் ஏட்டை இங்கே நாம் நினைவுகூர்ந்தால் அது கடுமையாகாது. கேட்டவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நாகரிகமாகவும் மரியாதையோடும் கேட்கப்பட்ட வினா அது. ஆதலால்தான் நமக்குப் பாடமாகிறது.

இதற்கு நேர்மாறானது 1993-ல் 'தி பாரிஸ் ரிவ்யூ' இதழில் வெளிவந்த நேர்காணல். எலிசா ஷாப்பெல் நிகழ்த்திய அவ்வுரையாடல் எழுதும் முறையைக் கேட்பதில் தொடங்குகிறது. விடியுமுன் எழுந்து எழுதும் வழக்கம் தமக்கு எவ்வாறு ஏற்பட்டதென்று மாரிசன் கூறுகிறார். மணவாழ்வு முறிந்தபின் இரு ஆண்பிள்ளைகளைத் தனியே வளர்த்த தாய் அவர். பகலில் அலுவலகப் பணியும் உண்டு. பிள்ளைகள் எழுந்து அம்மா என்று அழைக்குமுன் கிடைத்த வேளையே எழுத்துக்கு உரிய வேளையாயிற்று. பிற்காலத்தில் அத்தேவை நீங்கியபோதும், இருட்டில் எழுந்து காப்பி தயாரித்துக்கொண்டு, ஒளி வருவதைக் காத்திருந்து பார்ப்பது அவருடைய வழக்கமாய் நிலைத்தது. உலகியலுக்கு உட்படாத ஓர் இடத்துக்குள் நுழைவதற்குத் தாம் செய்யும் ஆயத்தம் அது என்று அவர் பின்னர் உணர்ந்துகொண்டதாகக் கூறுகிறார்.

குடும்பத்தைப் பற்றிய செய்தி இங்கேயும் வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். கேட்டவர் குடும்பத்தைக் கேட்கவில்லை, எழுத்தைக் கேட்டார்; எழுத்தின் வாயிலாகத் தாய்மையும் வறுமையான நேரமும் வைகறைத் தவமும் தாமாகவே வந்து சேர்ந்தன. பெண்ணின் வாழ்வைக் கேட்கக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. அவருடைய வேலையை மதித்துக் கேட்டால் வாழ்வு அதற்குரிய இடத்தில் வந்து நிற்கும் என்பதே நம் கருத்து.

அதே நேர்காணலில் அடிமைகளின் வாயில் பூட்டப்பட்ட இரும்புக் கடிவாளத்தைப் பற்றியும் பேச்சு வருகிறது. பழைய ஆவணங்களில் கடிவாளம் பூட்டப்பட்டது என்னும் செய்தி இருந்தது. அது எத்தகையது என்னும் விளக்கம் இல்லை. மாரிசன் அதைத் தேடிக் கண்டறிந்தார். கண்டபின்னும் நாவலில் அதன் வடிவத்தை விவரிக்கவில்லை. எப்படித் தோன்றிற்று என்பதைவிட, பூட்டப்பட்டவனுக்கு எப்படி இருந்தது என்பதை வாசகர் உணர வேண்டுமென்று தீர்மானித்தார். கண்டெடுத்த தகவலை எழுதாமல் விடுவதும் கலைஞரின் உழைப்பே என்பதை இதிலிருந்து அறிகிறோம். சான்றுகளைக் குவிப்பதிலேயே நிறைவடைந்துவிடும் நம் அருளுரைகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

மூன்றாவதாக, மாரிசனும் குளோரியா நெய்லரும் நிகழ்த்திய உரையாடல் 1985-ல் 'தி சதர்ன் ரிவ்யூ' இதழில் வெளிவந்தது. நெய்லர் 'தி விமன் ஆஃப் புரூஸ்டர் பிளேஸ்' (1982) என்னும் நாவலின் ஆசிரியர். இளமையில் சில ஆண்டுகள் யெகோவாவின் சாட்சிகள் இயக்கத்தின் ஊழியராயிருந்தவர். மாரிசனின் முதல் நாவலான 'தி புளூயஸ்ட் ஐ' (1970) தமக்கு எழுதும் துணிவைத் தந்ததென்று கூறியவர். இங்கே கேட்பவரும் எழுதுகிறவரே. ஆகையால் வினாவும் விடையும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் தம் ஐயத்தைச் சொல்ல, மற்றவர் தம் ஐயத்தைச் சொல்கிறார்.

அவ்வுரையாடலில்தான், இன்னும் வெளிவராதிருந்த தம் நாவலுக்கு விதையான இரு கதைகளை மாரிசன் விரித்துரைக்கிறார். ஒன்று மார்கரெட் கார்னரின் கதை. மற்றொன்று ஜேம்ஸ் வான் டெர் ஸீ எடுத்த சவ ஊர்வலக் காலப் படங்களுள் ஒன்றில் கிடக்கும் இளம்பெண்ணின் கதை. காதலன் சுட்டதால் சாகும் அப்பெண், அவன் தப்பிச் செல்ல நேரம் கிடைக்க வேண்டுமென்று, சுட்டவன் பெயரை நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறியபடியே உயிர்விட்டாள். இக்கதை பின்னர் 'ஜாஸ்' (1992) நாவலாயிற்று. இவ்விரு பெண்களும் தங்களைவிட மேலாக மற்றொருவரை நேசித்தவர்கள். நம்மிடத்திலுள்ள மிகச் சிறந்த பண்பே நம்மை நாமே அழித்துக்கொள்ளவும் காரணமாகிறதே என்னும் வினா மாரிசனை வாட்டியது. தன்னை வெறுத்தலையும் பிறனை நேசித்தலையும் நாள்தோறும் போதிக்கும் நாம் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. தன்னையிழக்கும் அன்பைப் பெண்களிடம் மட்டும் மிகுதியாக எதிர்பார்த்து, அதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம் அமைதியடைந்ததுண்டோ என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உரையாடலின் எல்லை

இவ்வுரையாடல்கள் குறையற்றவை என்று நாம் கூற முன்வரவில்லை. தொகுப்பு நூல்களைத் தொடர்ந்து வாசிப்பவருக்குச் சலிப்புத் தோன்றும் இடங்கள் உண்டு. மார்கரெட் கார்னரின் கதை பலமுறை திரும்ப வருகிறது; ஒரே விடை சிறு மாற்றங்களோடு பல ஆண்டுகளில் அளிக்கப்படுகிறது. நேருரைக்கும் செப்பனிட்ட உரைக்கும் உள்ள வேறுபாட்டையும் மறக்கலாகாது. 'தி பாரிஸ் ரிவ்யூ' நேர்காணல்கள் ஆசிரியரின் ஒத்துழைப்போடு திருத்தி அமைக்கப்படுபவை என்பது பலரும் அறிந்தது. அவற்றின் ஒழுங்கு பேச்சின் ஒழுங்கன்று, எழுத்தின் ஒழுங்கு.

இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. ஆசிரியரே சொல்லிவிட்டார் என்று காட்டி, நூலை வாசிக்கும் உழைப்பிலிருந்து மாணவர் தப்பித்துக்கொள்வதே அது. விளக்கவுரையைக் கையில் வைத்துக்கொண்டு திருமறைப் பகுதியை வாசிக்காமலே அருளுரை ஆயத்தம் செய்கிறவரின் நிலைக்கு இது ஒப்பாகும். மாரிசனே இதை விரும்பவில்லை. கிளாடியா டேட் என்பவர் கறுப்பினப் பெண் எழுத்தாளர்களோடு உரையாடித் தொகுத்து 1983-ல் வெளியிட்ட நூலில், வாசகர் உள்ளே வருவதற்கு இடைவெளிகளை விட்டுத் தாம் எழுதுவதாக மாரிசன் கூறியுள்ளார். ஆசிரியர் விட்ட இடைவெளியை ஆசிரியரின் நேர்காணலைக் கொண்டே அடைத்துவிடுவது முறையாகாது.

'பிலவ்ட்' வெளிவந்த 1987-ஆம் ஆண்டிலேயே, அத்தாயின் செயலைப் பற்றி அவரிடம் கேட்கப்பட்டது. அது சரியான செயலே, ஆனால் அதைச் செய்ய அவளுக்கு உரிமை இல்லை என்னும் கருத்தையே அவர் வெளியிட்டார். தாமும் தீர்ப்பளிக்க இயலாமல், அவளைத் தீர்ப்புச் செய்யத் தகுந்தவள் கொல்லப்பட்ட மகள் ஒருத்தியே என்று உணர்ந்ததால்தான் இறந்த மகளை நாவலுக்குள் கொண்டுவந்ததாகவும் கூறினார். இந்த விடை நாவலை முடித்துவைக்கும் விடையன்று. அறநெறி வகுப்பில் இதை ஒரு தீர்வாக எடுத்துரைத்தால் அதன் வேதனை போய்விடும். நல்ல உரையாடல் வாசகரை மீண்டும் நூலுக்கே அனுப்பிவைக்கும். அவ்வாறு அனுப்பாத உரையாடல் எவ்வளவு சுவையானதாயினும் பயன் குறைந்ததே.

நாவலின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். அடக்க ஆராதனையில் ஊழியர் கூறிய அன்பானவர்களே என்னும் விளிச்சொல் மட்டுமே சேத்தேயின் செவியில் நிலைத்தது. கல்லறைக் கல்லில் பொறிக்க அந்த ஒரு சொல்லுக்கே அவளால் விலை கொடுக்க முடிந்தது. அவ்விலையும் மானத்தை இழந்து கொடுத்த விலை. ஊழியர் அச்சொல்லைக் கூடியிருந்தோரை நோக்கிக் கூறினார். தாய் அதைத் தன் இறந்த குழந்தையின் பெயராகக் கேட்டாள். நூலின் முகப்பில் மாரிசன் ரோமர் 9:25-ஐ வைத்திருப்பதும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. நாம் வழக்கமாய் உச்சரித்துவிட்டுக் கடந்துபோகும் ஒரு சொல்லை, துயரத்தில் நிற்கும் பெண் எவ்வாறு கேட்கிறாள் என்பதை நாம் அறிவதேயில்லை.

முடிவுரை

பாசெட்டிடமே திரும்புவோம். அவர் கேட்டது சிறிது நேரமே. அவர் விரும்பிய விடை கிடைக்கவில்லை. கிடைத்த விடையை அவரால் விளங்கிக்கொள்ளவும் முடியவில்லை. ஆயினும் தமக்கு விளங்காததைத் தமக்கு விளங்கியதாக மாற்றி எழுதவில்லை. மாமியாரின் சங்கடமான ஒரு விடையை விட்டுவிடவும் இல்லை. அவருடைய வினாக்களைவிட அந்த நேர்மையே பின்னாளில் ஒரு பெரும் நாவலுக்கு வழி திறந்தது. அவர் செய்யாமல் விட்டதையும் சொல்லத்தான் வேண்டும். அவளுடைய அமைதியான விடைக்குப்பின் அடுத்த வினாவை அவர் கேட்கவில்லை. அடிமைமுறையைக் கண்டிக்கும் வாதத்துக்கு அவளைச் சான்றாக்கியதோடு நின்றார். வாதம் நியாயமானதே. அதற்குள் அடங்காத பெண் ஒருத்தி எஞ்சி நின்றாள். அவளைத் தேடிச் செல்ல மற்றொரு பெண் பிறந்து வர வேண்டியிருந்தது.

இல்லச் சந்திப்பிலும் மருத்துவமனைப் படுக்கையருகிலும் சிறையிலும் பெண்கள் நம்மிடம் பேசுகின்றனர். அதை நாம் அருளுரைக்கு எடுத்துக்காட்டாகவும், அறிக்கைக்குச் சான்றாகவும், இதழுக்குச் சாட்சியாகவும் எழுதுகிறோம். எழுதும்போது, நம் கருத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தை எத்தனை முறை நீக்கியிருக்கிறோம்! அழுதுகொண்டே சொன்னாள் என்று எழுதுவது எளிது. அமைதியாகச் சொன்னாள் என்று எழுத நமக்குத் துணிவு வேண்டும். இறையியல் மாணவர்கள் மாரிசனின் நாவலையும் இவ்வுரையாடல்களையும், அவற்றோடு பாசெட்டின் சிறு கட்டுரையையும் சேர்த்து வாசிப்பார்களாயின், இறைப்பணிக்கு இன்றியமையாத கேட்கும் பயிற்சியை அவற்றில் பெறுவர் என நம்புகிறோம். அடுத்த சந்திப்புக் குறிப்பை எழுதி முடித்தபின், அவள் சொன்னவற்றுள் நமக்கு ஒவ்வாதது எதுவோ அது அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக.